மாறக் கூடாத தெரு

இருளாயிக்குக் கோபம் வந்தால் தெருவுக்குத் தெரியும். சந்தோஷம் வந்தாலும் தெருவுக்குத் தெரியும். இரண்டுக்கும் ஒரே குரல்தான். மதுரை வில்லாபுரத்துக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டே தெருக்கள் உள்ள ஊர் அவளுடையது. வடக்குத் தெருவில் பிறந்து தெற்குத் தெருவில் வாழ்க்கைப்பட்டாள். நடுவே ஒரு வேப்பமரமும் முத்தாலம்மன் கோயிலும் மட்டும். பிறந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் புகுந்த வீட்டில் தும்மலாம். அப்படியிருந்தும் அவள் பிறந்த வீட்டுப் பக்கம் போய் வருடக்கணக்காகிவிட்டது.

காரணம் ஓர் அரைஞாண். அவள் மகன் கருப்பு பிறந்தபோது, தாய்மாமன் என்ற முறையில் அண்ணன் மலையாண்டி ஒரு வெள்ளி அரைஞாண் கொண்டுவந்து பிள்ளையின் இடுப்பில் கட்டினான். அடுத்த மாதமே அது அடுப்புச் சட்டிபோலக் கறுத்தது. இருளாயி அதை அவிழ்த்துக்கொண்டு போய் அண்ணன் வாசலில் வீசினாள். "ஈயத்தக் கட்டி எம் புள்ளைய ஏமாத்துனவன் எனக்கு அண்ணனே இல்ல!" என்று சொன்னது கோயில் தாண்டியும் கேட்டது. மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி செல்லக்கிளி குனியவில்லை. "ஈயம் பாத்த கண்ணுக்கு வெள்ளி எங்கிட்டுத் தெரியும்?" என்றாள். அத்துடன் போக்குவரத்து நின்றது.

நின்றதன் பலனைத் தலையில் சுமந்தவன் கருப்புதான். தாய்மாமன் மடியில் உட்காராமல் அந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் மொட்டை கிடையாது, காதுகுத்தும் கிடையாது. மாமன் இல்லை என்று ஆகிவிட்டதால் முடி தன் பாட்டுக்கு வளர்ந்து தோளைத் தொட்டது. இருளாயி அதை இரட்டைச் சடையாகப் பின்னி, தான் பறிக்கும் மல்லிகையில் கொஞ்சம் சூட்டி விடுவாள். ஊரில் யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை. ஆண் பிள்ளை சடையோடு திரிந்தால் மாமன் வீட்டோடு சண்டை என்று பொருள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த நிலையில்தான், எண்பத்திரண்டாம் வருடம், ஊருக்கு ஆராய்ச்சி வந்தது.

மதுரைச் சிம்மக்கல்லில் ஒரு வெங்காய மண்டியின் மாடியில் சமூகப் புத்தாக்க ஆய்வு மையம் என்று ஒன்று இருந்தது. சமூகத்துக்குப் புதிதாக ஒன்றைச் செய்துகொடுத்து, அதனால் சமூகம் என்ன ஆகிறது என்று அளந்து பார்ப்பது அதன் வேலை. கொடுப்பதைவிட அளப்பதில் அதற்கு ஆர்வம் அதிகம். டைரக்டரின் பெயர் டாக்டர் உக்கிரபாண்டி. பெயரில் இருந்த உக்கிரம் ஆளிடம் இல்லை. கோபுரத்துப் புறா மாதிரி குரல். ஏழைகள்மீது உண்மையான பிரியம் கொண்டவர். அந்தப் பிரியத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று காட்டப் படித்திருந்தார்.

ஊரில் பெண்களுக்கு மல்லிகைத் தோட்டத்தில்தான் வேலை. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். வெயில் ஏறினால் பூவுக்கு விலை இறங்கிவிடும். விடியுமுன் போகிற தாய்மார் பிள்ளைகளை என்ன செய்வது? டைரக்டர் நல்ல யோசனை ஒன்று வைத்திருந்தார். முறை வைத்து ஒரு தாய் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். மற்றவர்கள் வேலைக்குப் போவார்கள். மையம் கொட்டகை போட்டு, பாய் விரித்து, மதியத்துக்குக் கோதுமை உப்புமா கொடுக்கும். ஊர் இதற்குப் பிள்ளைச்சாவடி என்று பெயர் வைத்தது.

ஆனால் சாவடி ஒரு தெருவுக்குத்தான். இன்னொரு தெருவுக்கு ஒன்றும் கிடையாது. ஒன்றும் கிடைக்காத தெருவோடு ஒப்பிட்டால்தானே கிடைத்த தெரு எவ்வளவு முன்னேறியது என்று தெரியும்? எந்தத் தெரு என்று முடிவுசெய்ய டைரக்டர் நாணயம் சுண்டப் போனார். ஊர்ப் பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். பூக்கட்டிப் பார்க்காமல் இந்த ஊரில் கிணறுகூட வெட்டியதில்லை என்றார்கள். பூசாரி வடக்குக்கு ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் தெற்குக்கு இன்னொன்றில் சிவப்புப் பூவும் கட்டி அம்மன் முன் போட்டார். ஒரு சிறுமி ஒன்றை எடுத்தாள். வெள்ளை வந்தது. சாவடி வடக்குத் தெருவுக்குப் போயிற்று.

'சார்பற்ற குலுக்கல் முறையில் தேர்வு' என்று டைரக்டர் குறித்துக்கொண்டார். அம்மன் உத்தரவு என்றது ஊர். இரு தரப்பும் சொன்னதன் பொருள் ஒன்றுதான்: இனிமேல் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

மையத்தின் கணக்கில் தெற்குத் தெரு 'ஒப்பீட்டுத் தெரு' ஆயிற்று. வடக்குத் தெருப் பெண்கள் அதை 'ஒப்புக்குச் சப்பாணித் தெரு' என்றார்கள். தெற்குத் தெருவுக்கு உப்புமா வரவில்லையே தவிர, கேள்வி கேட்பவர் மாதம் தவறாமல் சாயங்காலத்தில் தராசோடு வந்தார். முதல் மாதம் வந்தவர் இருளாயி வீட்டு வாசலில் பூவும் சடையுமாக விளையாடிய பிள்ளையைப் பார்த்தார். பெயர் கருப்பு என்றாள் இருளாயி. படித்தவர் அல்லவா, பெண் பிள்ளைக்கு அப்படிப் பெயர் இருக்காது என்று தாமே திருத்திக் 'கருப்பாயி, பெண்' என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த வருடம் தோட்டத்துக் கிணற்றில் ஒரு பிள்ளை தவறி விழப் பார்த்தது. இனிமேல் பிள்ளையோடு வருகிறவளுக்கு நிரை கிடையாது என்று கங்காணி சொல்லிவிட்டான். நிரை என்பது ஒருத்தி பறிக்கும் செடி வரிசை. அது போனால் வேலை போயிற்று. இருளாயியின் புருஷன் காளை சிம்மக்கல்லில் மூட்டை தூக்கிவிட்டு வாரக் கடைசியில் வருகிறவன். மாமியார் இல்லை. தெற்குத் தெருப் பெண்கள் எல்லாரும் செய்ததையே அவளும் செய்தாள்: பழைய சேலையால் பிள்ளையின் இடுப்பைக் கட்டிலின் காலோடு கட்டிவிட்டுப் போனாள்.

ஒருநாள் திரும்பி வந்தபோது கட்டில் கவிழ்ந்து கிடந்தது. பிள்ளை அடியில் கிடந்தான். சேலை கழுத்தில் சுற்றியிருந்தது. மூச்சு இருந்தது, சத்தம் இல்லை. அன்றைக்கு இருளாயிக்கும் சத்தம் வரவில்லை. தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சாவடிக்குப் போனாள். சாவடியைக் கவனித்துக்கொள்ளும் மையத்து ஆள் சிஹாபுதீன் வாசலில் நின்றிருந்தான். மதுரை நகரத்துக்குள் வளர்ந்த பையன். யாரையும் கடிந்து பேச வராது.

"தம்பி, இதையும் சேத்துக்கங்க."

"அக்கா, நீங்க தெக்குத் தெருவுல்ல?"

"தெக்குத் தெருன்னா புள்ளைக்குப் பசிக்காதா?"

"பசிக்கும்க்கா. ஆனா ஒங்க தெருவுல ஒண்ணும் மாறக் கூடாது. மாறுனா ஆராய்ச்சி கெட்டுப்போயிரும்."

"நேத்து இது கழுத்துல சேலை சுத்திக் கெடந்துச்சு. அப்ப எது கெட்டுச்சு?"

உள்ளே பிள்ளைகளின் எடை பார்த்துக்கொண்டிருந்த டைரக்டர் வெளியே வந்து, எல்லாவற்றையும் கேட்டு, மனம் கசிந்து சொன்னார்: "உங்க தெரு எங்களுக்கு ரொம்ப முக்கியம்மா. நீங்க இருக்கிறபடியே இருந்தாத்தான் இவங்க எவ்வளவு முன்னேறியிருக்காங்கன்னு உலகத்துக்கு எடுத்துச் சொல்ல முடியும்."

"எம்புட்டு நாளைக்கு இப்படியே இருக்கணும்?"

"ஆய்வு முடியிற வரைக்கும்."

"அதுவரைக்கும் புள்ளைகளையும் வளராம இருக்கச் சொல்லிறட்டுமா அய்யா?"

டைரக்டர் இதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அவர் எடைத் தராசுக்குத் திரும்பியதும் சிஹாபுதீன் வேப்பமரம் வரை கூடவே வந்தான்.

"அக்கா, வடக்குத் தெருவுல வீட்டோட இருக்கிற புள்ள எதுன்னாலும் சேத்துக்கலாம்னுதான் எனக்கு உத்தரவு. யாரு பெத்ததுன்னு கேக்கச் சொல்லல. புள்ளைக்கு மாமன் வீடு இந்தத் தெருதான?"

சிஹாபுதீன் சொன்னது உப்புமாவுக்கு வழி. இருளாயிக்கு அது கழுமரத்துக்கு வழி. மாமன் வீடு என்றால் மாமன் வேண்டும். மாமன் என்று ஊர் ஒப்ப வேண்டுமானால் அவன் மடியில் வைத்து மொட்டையும் காதுகுத்தும் நடக்க வேண்டும். அதற்குச் செல்லக்கிளியின் வாசலில் போய் நிற்க வேண்டும்.

அன்று சாயங்காலமே போய் நின்றாள். மலையாண்டி வண்டிமாடுகளை விற்றதிலிருந்து வாசலில் உட்கார்ந்து தாயம் உருட்டுவதைத் தொழிலாக வைத்திருந்தான். "வா தங்கச்சி!" என்று எழுந்தவன், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்தியா?" என்று குறைத்துக்கொண்டான்.

செல்லக்கிளி முறத்தை வைக்காமலே கேட்டாள்: "யாரு, வழி தப்பி வந்துருச்சா?"

"மதினி, புள்ளைக்கு மொட்டை போடணும், காது குத்தணும். மாமன் மடி வேணும்."

"ஈயக்காரன் மடி எதுக்கு? நல்ல வெள்ளி மடியாப் பாத்து உக்கார வைக்கிறது."

"ஏ கிளி, விடு. அது என்னமோ கோவத்துல…" என்று மலையாண்டி தொடங்கினான்.

"நீங்க தாயத்த உருட்டுங்க."

இருளாயி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப நான் என்ன செய்யணும்?"

"அன்னைக்கு ஊரு கேக்க ஈயம்னேல்ல? இப்ப ஊரு கேக்க வெள்ளின்னு சொல்லு. மடி தானா வரும்."

அரைஞாண் ஈயம்தான் என்பது இருளாயிக்குத் தெரியும். செல்லக்கிளிக்கும் தெரியும். மலையாண்டிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் இருளாயி தன் வாழ்நாளில் சொன்ன ஒரு சொல்லைத் திரும்ப வாங்கியதில்லை; அதை எப்படிச் செய்வார்கள் என்றே அவள் கற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்க் கவிழ்ந்து கிடந்த கட்டிலை நிமிர்த்திப் போட்டாள். அதன் காலில் சேலை இன்னும் கட்டியபடி இருந்தது.

காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். முத்தாலம்மன் கோயில் முன் இரண்டு தெருவும் கூடியது. நாவிதர் கத்தியைத் தீட்டிவிட்டார், ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார், மாமன் சம்மணம் போட்டுவிட்டான். செல்லக்கிளி மட்டும் சீர்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றாள்.

"அண்ணன் கட்டுனது வெள்ளிதான்" என்றாள் இருளாயி.

"காது கேக்கல."

"வெள்ளி! வெள்ளி! எங்க அண்ணன் கட்டுனது வெள்ளி! எங்க குடும்பத்து நெறத்துக்குத் தக்கன கொஞ்சம் கருத்த வெள்ளி! போதுமா மதினி?"

கூட்டம் சிரித்துவிட்டது. அடக்கிப் பார்த்த செல்லக்கிளிக்கும் முடியவில்லை. "வாயப் பாரு" என்று சொல்லிக்கொண்டே தட்டை இறக்கினாள். காது குத்தியபோது பிள்ளை அழுதான். மாமன் அவனைவிட அதிகமாக அழுதான். மறுநாளிலிருந்து கருப்பு மொட்டைத் தலையும் கடுக்கனுமாக, மலையாண்டி வீட்டுப் பிள்ளையாகச் சாவடிப் பாயில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டான்.

தெற்குத் தெரு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு ராமக்காளுக்குத் தன் சின்னம்மா வடக்குத் தெருவில் இருப்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. இன்னொருத்திக்கு மாமன் மகன் அகப்பட்டான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு தெருக்களில் உறவுக்கா பஞ்சம்? கொஞ்ச நாளில் தெற்குத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் பகலில் மாமன் வீடுகளிலும் சித்தி வீடுகளிலும் வளர்ந்தார்கள். கட்டில் காலில் கிடந்த சேலைகள் மறுபடி கொடியில் காய்ந்தன. தெற்குத் தெருத் தாய்மாரும் முறை வைத்துச் சாவடி பார்த்தார்கள். மையத்து ஆள் கேட்டால் 'விருந்தாளி' என்றார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த குடும்பங்கள் பிள்ளையை விட வந்த சாக்கில் பேசின. எந்தப் பஞ்சாயத்தும் தீர்க்காத பகைகள் தீர்ந்தன. மையம் இதை அளக்கவில்லை. கேள்வித்தாளில் பகைக்கு இடம் விட்டிருக்கவில்லை.

பிள்ளைகள் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவதால் மையத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஒப்பீட்டுத் தெருவில் கருப்பாயி என்ற பெண் குழந்தையைக் காணோம். டைரக்டரே ஜீப்பில் வந்துவிட்டார்.

"அம்மா, உங்க பெண் குழந்தை எங்கே?"

"எனக்கு எப்பய்யா பொட்டப் புள்ள பெறந்துச்சு?" என்றாள் இருளாயி.

டைரக்டரின் முகம் இருண்டது. மேற்கொண்டு கேட்க அவருக்கு மனம் வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்று, 'புத்தாக்கம் எட்டாத தெருவில் தாய் தன் மகளின் பிறப்பையே மறுக்கிறாள்' என்று கலங்கிய கண்களோடு எழுதினார். அப்போது மலையாண்டி ஒரு மொட்டைத் தலைப் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்துபோனான். டைரக்டர் பையனின் கன்னத்தைத் தட்டினார்.

"சாவடிப் பிள்ளையா? பாருங்க சிஹாபுதீன், இந்த முகத்தில் உள்ள தெளிவை!"

சிஹாபுதீன் பார்த்தான். வேறு பக்கம் திரும்பி இருமினான்.

வருட முடிவில் அளந்ததையெல்லாம் கூட்டிக் கழித்தார்கள். அந்த அறிக்கையைத் தமிழில் பெயர்க்கும் வேலை என்னிடம் வந்ததால் அதன் ஒவ்வொரு வரியையும் நான் அறிவேன். வடக்குத் தெருப் பிள்ளைகள் எடை கூடியிருந்தார்கள். தெற்குத் தெருப் பிள்ளைகளும் அதே அளவு கூடியிருந்தார்கள். வடக்குத் தெருத் தாய்மார் ஒழுங்காக வேலைக்குப் போனார்கள். தெற்குத் தெருவிலும் அப்படியே. ஒன்றும் கொடுக்காத தெரு, கொடுத்த தெருவுக்குச் சமமாக வளர்ந்திருந்தது. ஆகவே பிள்ளைச்சாவடியால் குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் இல்லை என்று அறிக்கை முடிந்தது. விளைவு இல்லாத ஒன்றைத் தொடர்ந்து நடத்துவது முறையல்ல என்று ஒரு பரிந்துரையும் அதில் இருந்தது.

சித்திரை பிறந்த வாரத்தில் டைரக்டர் வேப்பமரத்தடியில் ஊரைக் கூட்டி, சாவடி மூடப்படுகிறது என்று புறாக் குரலில் அறிவித்தார். தெற்குத் தெருப் பெண்களின் தன்னம்பிக்கையைப் பாராட்டினார். ராமக்காள் கைதட்டப் போனாள். இருளாயி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"அய்யா, எங்க புள்ளைகளும் சாவடியிலதான் வளந்துச்சு. வருசம் பூராவும். மாமன் வீட்டுப் புள்ள, சித்தி வீட்டுப் புள்ளன்னு பொய் சொல்லித்தான் விட்டோம். சாவடியாலதான் ரெண்டு தெருவும் நல்லா இருக்கு. மூடிறாதீக."

டைரக்டர் சிஹாபுதீனைப் பார்த்தார். சிஹாபுதீன் ஜீப்பின் சக்கரத்தைப் பார்த்தான்.

"அப்படின்னா… அந்தக் கருப்பாயி?"

இருளாயி மகனை முன்னால் தள்ளினாள். "இந்தா நிக்கிறா ஒங்க கருப்பாயி."

டைரக்டர் அவனை வெகுநேரம் பார்த்தார். கருப்பு தன் வழக்கப்படி கன்னத்தை நீட்டினான்.

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்மா."

"சொன்னாச் சேத்திருப்பீகளா?"

"மாட்டோம்."

"பெறகு?"

டைரக்டர் பொய் சொல்லத் தெரியாதவர். "அறிக்கை அச்சுக்குப் போயிருச்சும்மா. டெல்லி மாநாட்டில் ஏத்துக்கிட்டாங்க" என்றார். பாய்களையும் தராசையும் உப்புமா அண்டாவையும் ஜீப்பில் ஏற்றினார்கள். கொட்டகையின் கீற்றைக்கூடப் பிரித்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஆய்வுக்கு வேண்டுமாம்.

சித்திரையில் பூ கொட்டும். ஒரு கை குறைந்தாலும் கங்காணி நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். பெண்கள் செல்லக்கிளி வீட்டில் கூடினார்கள். இடம் கிடைத்துவிட்டது: மாடு இல்லாத மாட்டுக் கொட்டம் இருந்தது. கஞ்சியை அவரவர் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பலாம். ஆனால் இந்த மாதத்தில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு முறை பார்க்க யாராலும் முடியாது. எல்லாருடைய மனத்திலும் கட்டில் கால் வந்து நின்றது. வாசலில் தாயம் உருளும் சத்தம் கேட்டது.

இருளாயி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நாளைக்கு ஒனக்கு என்ன வேலை?"

"எனக்கா? ஏன் தங்கச்சி?"

"நீ பாரு புள்ளைகள."

செல்லக்கிளி பதறிப்போனாள். "ஆம்பளையப் போயி புள்ள பாக்கச் சொல்றியா? ஊரு சிரிக்காது?"

"காது குத்தயில மடியில வச்சிருந்தது ஆம்பளதான மதினி? அன்னைக்கு யாரு சிரிச்சா?"

"அது சடங்குடி."

"இதையும் சடங்குன்னு வச்சுக்க. தெனமும் வர்ற சடங்கு."

"எனக்கு ஒரு மூக்கச் சிந்தி விடக்கூடத் தெரியாது தங்கச்சி" என்றான் மலையாண்டி, ஏறக்குறைய அழுகிற குரலில்.

செல்லக்கிளிக்கும் தோட்டத்தில் ஒரு நிரை இருந்தது. "தாயம் பிடிக்கத் தெரியுதுல்ல?" என்றாள். "மூக்கும் அதே கைக்கு அடங்கும்."

மறுநாள் விடிந்ததும் கண்மாய்ப் பக்கம் போன ஆண்கள் கொட்டத்தின் முன் நின்று சிரித்தார்கள். "என்ன மாப்ள, பால் குடுத்தாச்சா?" என்று ஒருவன் கேட்டான். இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளோடு நின்ற மலையாண்டி, "ஒன்னோடது ரெண்டு உள்ள இருக்குய்யா. ஒண்ணு இப்பத்தான் இருந்து வச்சிருக்கு, வந்து கழுவி விடு" என்றான். கேட்டவன் நடையை எட்டிப் போட்டான். ஆனாலும் அடுத்த வாரம் அவனுக்கும் ஒரு முறை வந்தது. அவன் மனைவி வர வைத்தாள்.

ஓர் ஊரின் ஆண்கள் முறை வைத்துப் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டதை அளக்க யாரும் வரவில்லை. மையம் அப்போது வண்டியூர்ப் பக்கம் வேறு இரண்டு தெருக்களைத் தேடிக்கொண்டிருந்தது.

அந்த முதல் நாள் இருளாயி தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு அப்போதுதான் வெளுத்திருந்தது. கங்காணி வரப்பிலேயே மறித்தான். "சாவடிய மூடிட்டாகளாமே. புள்ளையப் பாக்க ஆளு இருக்கா? இல்லாட்டி நிரைய விட்டுரு."

"இருக்கு" என்றாள் இருளாயி, மடியைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கியபடி. "மீசை வச்ச ஆளு."